கால் நனையாத கருவி

பகல் பன்னிரண்டே முக்காலுக்குத்
தலைக்கு மேலே கடந்துவிடும்.
கண்ணுக்குத் தெரியாது. சத்தமும் இல்லை.
அந்த நிமிடத்தில் பார்னு விரிகுடாவின்
ஏழாம் குறியில் படகு நின்றாக வேண்டும்.

தார்மோ எஞ்சினை அணைத்தான்.
கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை
நிழல் விழும் பக்கமாய் இறக்கினேன்.
ஒரு மீட்டர். ஒன்றரை.
தட்டு மஞ்சளாகி, தேன் நிறமாகி,
ஒன்று எண்பதில்
இருக்கிறதா இல்லையா என்றாகி,
இல்லை.
"ஒன்று எண்பது" என்றேன்.
"ஒன்று எண்பது" என்று எழுதினான்.
இவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானத்தின் பழைய பாதி.

புதிய பாதி வானத்தில்.
நேரம் பார்த்து ஒரு மேகம் வந்தது.
பெரிய மேகம்கூட இல்லை,
ஒரு கைக்குட்டை அகலம்.
ஐந்து நாள் காத்திருந்ததைக் கெடுக்க அது போதும்.
தார்மோ கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிப்
பாதியை என்னிடம் நீட்டினான்.
"இதுவும் நகராட்சியில் சம்பளம் வாங்குகிறதா?"

அடுத்த ஐந்தாம் நாள் துடைத்துவிட்ட வானம்.
மறுபடி ஏழாம் குறி. தட்டு, கயிறு, பாட்டில்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
மேலே போகிறதே, அதற்குக் காலே கிடையாது.
எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து
நிறத்தை மட்டும் வைத்து
நீரின் உடம்புக்கு என்னவென்று சொல்ல வேண்டும்.
அதனிடம் போய்ச் சேரும் வெளிச்சத்தில்
நூற்றுக்குத் தொண்ணூறு காற்றின் சொத்து.
மிச்சம் பத்துதான் கடல் அனுப்பியது.
தொண்ணூறைக் கழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கினாலும்
கடலே கணக்கிலிருந்து காணாமல் போகும்.

மூன்று வழிமுறைகளை ஒரே படத்தில் ஓட்டினேன்.
ஏழாம் குறியில் பச்சையம் எவ்வளவு?
முதலாவது நான்கு என்றது.
இரண்டாவது பதினொன்று.
நீலத்தைப் பச்சையால் வகுத்துப் பார்க்கும் மூன்றாவது,
ஆழ்கடல்களில் நல்ல பெயர் வாங்கிய மூன்றாவது,
இருபத்தேழு என்று அலறியது:
பாசி, பாசி, யாரும் குளிக்காதீர்கள்.

உர்வே ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டாள்.
"பாட்டிலில் ஆறுதான். வடிதாள் வெறும் காவி.
பாசி இல்லை, சதுப்பு."
போன வாரம் வடக்கே பெய்த மழை
சதுப்புகளை ஊறவைத்து, வடித்து,
ஆற்றில் ஊற்றிய டிகாக்‌ஷன்.
நீலத்தை அது குடித்துவிடும்.
நீலம் குறைந்த இடமெல்லாம் பாசி தின்றதென்று
மூன்றாவது நினைத்துக்கொள்ளும்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்குக்
கறுத்ததெல்லாம் விஷம்தானே.

அப்படியானால் முதலாவது ஜெயித்ததா?
அவசரம் வேண்டாம்.
மே மாதம், நிஜமாகவே பாசி பூத்த வாரத்திலும்
அது நான்கு என்றுதான் சொன்னது.
எதைக் கேட்டாலும் நான்கு என்பவனை
நல்லவன் என்று அறிக்கையில் எழுத முடியுமா?

கடற்கரைக் காவலில் இருக்கும் கைரித்
குறுஞ்செய்தி அனுப்பினாள்:
சிவப்புக் கொடியா, பச்சைக் கொடியா?
நகராட்சி கேட்கிறது. ஐஸ்கிரீம்காரரும் கேட்கிறார்.
பச்சை என்று அடித்தேன்.
அனுப்புமுன் வரைபடத்தை ஒரு முறை பெரிதாக்கினேன்.

கரையோரம் முழுக்கச் சாம்பல் பூசியிருந்தது.
முந்நூறு மீட்டர் அகலம்.
அங்கே அடிமணல் மினுங்கி நீரோடு கலக்கிறது,
பைன் மரங்களின் வெளிச்சம் பக்கவாட்டில் கசிகிறது.
மூன்றும் ஒற்றுமையாய்க் கைவிரித்த ஒரே இடம்.
அறிக்கையில் அதற்கு ஒரு வரி போதும்:
மதிப்பீட்டுக்கு உட்படாத பகுதி.

உட்படாத பகுதி ஜன்னலில் தெரிந்தது.
இந்த விரிகுடாவில் இடுப்பளவு நீருக்கு
வெகுதூரம் நடக்க வேண்டும்.
ஊரே நடந்துகொண்டிருந்தது.
முழங்கால் ஆழத்தில் ஒருத்தி
குழந்தையின் தொப்பியை முக்கிப் பிழிந்து
மறுபடி அதன் தலையில் வைத்தாள்.

அடித்ததை அழித்தேன்.
இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டேன்.
செருப்பை மணலில் விட்டேன்.